இங்கிலாந்தில் காணி வாங்கி வீடு கட்டப் போகிறீர்களா? புல்லுக்கும் பற்றைக்கும் கணக்குக் காட்டும் வழி

கென்ட் பகுதியில் 0.42 ஹெக்டேயர் காணி ஒன்றை நானும் மச்சானும் சேர்ந்து வாங்கினோம். ஆறு வீடு கட்டி விற்பது திட்டம். ஆர்க்கிடெக்ட்டைப் பிடித்தோம், வரைபடம் கீறினோம், வங்கியோடு பேசினோம். 'பயோடைவர்சிட்டி நெட் கெய்ன்' என்ற சொல்லை அதற்குப் பிறகுதான் முதன்முதலாகக் கேள்விப்பட்டோம். கேட்டபோது ஏற்கெனவே இரண்டு பிழை விட்டிருந்தோம். இரண்டும் காசுப் பிழை. நம்மவர்கள் பலர் இப்போது சிறிய அளவில் காணி வாங்கிக் கட்டும் வேலையில் இறங்கியிருக்கிறார்கள். நாங்கள் பட்டது உங்களுக்கு வரக்கூடாது என்பதற்காக முழுவதையும் ஒழுங்காக எழுதுகிறேன்.

விஷயம் சுருக்கமாக இதுதான். கட்டுமானத்துக்கு முன் உங்கள் காணியில் இருக்கும் புல், பற்றை, மரம், உயிர்வேலி, நீரோடை எல்லாவற்றுக்கும் 'யூனிட்' என்ற அளவில் மதிப்புப் போடுவார்கள். கட்டி முடிந்த பிறகு அந்த மதிப்பு முன்பிருந்ததைவிட 10 சதவீதமாவது கூடியிருக்க வேண்டும். சொந்தக் காணியிலேயே அதைக் காட்ட முடியாவிட்டால், வேறொருவர் தன் நிலத்தில் உருவாக்கிப் பராமரிக்கும் யூனிட்டைக் காசு கொடுத்து வாங்க வேண்டும். சந்தையில் அதுவும் கிடைக்காவிட்டால் கடைசியாக அரசிடம் 'கிரெடிட்' வாங்கலாம். பெரிய திட்டங்களுக்கு 2024 பெப்ரவரி 12 முதலும், சிறிய காணிகளுக்கு 2024 ஏப்ரல் 2 முதலும் இது கட்டாயம். ஒன்பது வீடு வரையான, ஒரு ஹெக்டேயருக்குக் குறைந்த காணி சிறியது என்ற கணக்கில் வரும். இங்கே சொல்வது இங்கிலாந்துக்கு மட்டும் பொருந்தும். ஸ்கொட்லாந்திலும் வேல்ஸிலும் வட அயர்லாந்திலும் சட்டம் வேறு.

1. உங்களுக்கு இது பொருந்துமா என்று முதலில் பாருங்கள்

குடியிருக்கும் வீட்டுக்கு எக்ஸ்டென்ஷனோ லொஃப்டோ போடுகிறவர்கள் இதோடு நிறுத்திக்கொள்ளலாம். வீட்டுக்காரர் விண்ணப்பங்களுக்கு முழு விலக்கு உண்டு. பெர்மிட்டட் டெவலப்மென்ட் உரிமையில், அதாவது தனியாகப் பிளானிங் விண்ணப்பம் போடாமலே செய்யக்கூடிய வேலைக்கும் விலக்கு. 25 சதுர மீட்டருக்குக் குறைந்த வாழிடமும் (செடியும் உயிரினங்களும் வாழும் இடம்) 5 மீட்டருக்குக் குறைந்த உயிர்வேலியும் மட்டுமே பாதிக்கப்படுகிறது, முன்னுரிமை வாழிடம் (முக்கியமானதென்று அரசு பட்டியலிட்ட வகை) எதுவும் அதில் இல்லை என்றால் அதற்கும் விலக்கு. முழுவதும் கொங்கிரீட் போட்ட காணிகள் பெரும்பாலும் இப்படித் தப்பும்.

இந்த இடத்தில் ஒரு பொறி இருக்கிறது. 'செல்ஃப் பில்ட்' என்று எழுதிவிட்டால் தப்பலாம் என்று பலர் சொல்வார்கள், எங்களுக்கும் சொன்னார்கள். அந்த விலக்குக்குக் காணி 0.5 ஹெக்டேயருக்கு மேற்படக் கூடாது, ஒன்பது வீட்டுக்கு மேல் இருக்கக் கூடாது, அத்தனை வீடும் அதில் வாழப் போகிறவரே கட்டும் அல்லது அவருக்காகவே கட்டும் வீடாக இருக்க வேண்டும். சந்தையில் விற்கக் கட்டும் வீடு ஒன்று கலந்தாலும் விலக்குப் போய்விடும். கவுன்சில் அதை எழுத்தில் கேட்கும்.

கோயிலோ மண்டபமோ கட்டும் சபைகளும் கவனியுங்கள். மத நிறுவனம் என்பதற்காகத் தனி விலக்கு எதுவும் கிடையாது.

சிறிய காணிகளுக்கான விதியைத் தளர்த்துவது பற்றி அரசு 2025-இல் கலந்தாய்வு நடத்தியது. ஆகவே நண்பர் சொன்னதை நம்பாமல், விண்ணப்பம் போடும் கிழமையில் அரசின் இணையத்தளத்தை நீங்களே திறந்து பாருங்கள்.

2. காணியில் கை வைக்காதீர்கள்

இந்தக் கட்டுரையில் ஒன்றை மட்டும் வாசிப்பதென்றால் இதை வாசியுங்கள்.

உறுதி கைக்கு வந்த கிழமையே மச்சான் ஒரு டிகரை, அதாவது மண் வெட்டும் இயந்திரத்தை, வாடகைக்கு எடுத்தார். மார்ச் மாதத்தின் முதல் ஞாயிற்றுக்கிழமை. "கிடக்கிற பற்றையை வழிச்சுப்போட்டா ஆர்க்கிடெக்ட் வந்து பாக்கேக்க காணி துப்புரவாக் கிடக்கும்" என்றார். எனக்கும் அது சரியென்றே பட்டது. பின்னேரத்துக்குள் பிரம்பிள் பற்றை முழுவதும் போய்விட்டது. அதோடு சேர்த்துப் புல்தரையில் 0.1 ஹெக்டேயர் அளவுக்கு மேல்மண்ணையும் சுரண்டியாயிற்று.

மே மாதம் வந்த இக்கோலஜிஸ்ட் (காணியின் செடிகொடி, உயிரினங்களைக் கணக்கெடுக்கும் நிபுணர்) வாசலில் நின்று ஒரு கணம் பேசவில்லை. பிறகு கையில் இருந்த ஐபாடில் பழைய வான்படத்தைத் திறந்து, காணி முன்பு எப்படி இருந்தது என்று எங்களுக்குக் காட்டினார். சட்டம் தெளிவானது: 2020 ஜனவரி 30-க்குப் பிறகு அனுமதி இல்லாமல் காணியின் தரத்தைக் குறைத்திருந்தால், குறைப்பதற்கு முன்பிருந்த மதிப்பைத்தான் எடுக்க வேண்டும். வெட்டிய பற்றை அப்படியே கணக்கில் வந்தது. சுரண்டிய புல் எந்த நிலையில் இருந்தது என்று சொல்ல ஆதாரம் இல்லாததால், பாதுகாப்பான பக்கம் நின்று அதை 'நல்ல நிலை' என்று போட்டார். பக்கத்தில் தொடாமல் கிடந்த அதே புல்லுக்கு 'நடுத்தர நிலை' என்றுதான் கிடைத்தது. அதாவது, சுரண்டியதால் அந்தத் துண்டின் மதிப்புக் கூடியது, அதை ஈடுசெய்யும் செலவும் எங்கள் தலையில் கூடியது.

இன்னொன்று, மார்ச் முதல் ஓகஸ்ட் வரை பறவைகள் கூடு கட்டும் காலம். பாவனையில் இருக்கும் கூட்டை அழிப்பது 1981-ஆம் ஆண்டுச் சட்டப்படி குற்றம். எங்கள் பற்றையில் கூடு இருந்ததா என்று நாங்கள் பார்க்கவே இல்லை. அதை நினைத்தால் இன்றைக்கும் மனது உறுத்துகிறது.

3. ஆர்க்கிடெக்ட்டுக்கு முன் இக்கோலஜிஸ்ட்

வாழிடக் கணக்கெடுப்புக்கு ஏற்ற காலம் ஏப்ரலில் இருந்து செப்டம்பர் வரை. நவம்பரில் காணி வாங்கி ஜனவரியில் விண்ணப்பம் போட நினைத்தால் மாட்டிக்கொள்வீர்கள். குளிர்காலத்திலும் பார்த்துத் தருவார்கள். ஆனால் தெரியாததை எல்லாம் உயர்ந்த மதிப்பாக எடுக்க வேண்டி வரும், அல்லது கோடையில் திரும்பவும் வரச் சொல்லிக் கவுன்சில் கேட்கும். நல்ல இக்கோலஜிஸ்ட்டுகளின் ஏப்ரல், மே நாட்கள் முன்கூட்டியே நிரம்பிவிடும். மாசியிலேயே பேசி வையுங்கள்.

ஆளைத் தெரிவுசெய்யும்போது சி.ஐ.ஈ.ஈ.எம் என்ற தொழில்முறை அமைப்பில் உறுப்பினரா என்று பாருங்கள். விலை கேட்கும்போது நான்கையும் சேர்த்துக் கேளுங்கள்: நேரில் வந்து பார்ப்பது, மெட்ரிக் கணக்கு (யூனிட்டைக் கணிக்கும் எக்செல் கோப்பு), வரைபடம் மாறினால் மறுகணக்கு, அனுமதிக்குப் பிறகான கெய்ன் பிளான் (10 வீதத்தை எப்படிக் காட்டுவீர்கள் என்ற திட்டம்). நாங்கள் முதல் இரண்டுக்கு மட்டும் விலை பேசினோம். மறுகணக்கு மூன்று தடவை போட வேண்டி வந்தது, மூன்றுக்கும் தனித்தனிப் பில் வந்தது.

வௌவால், நியூட் எனப்படும் நீர்ப்பல்லி போன்ற பாதுகாக்கப்பட்ட உயிரினங்களுக்கான ஆய்வும் அனுமதியும் வேறு. யூனிட் வாங்கினால் அதெல்லாம் தீர்ந்துவிடும் என்று நினைக்க வேண்டாம். பழைய கொட்டில் இருந்தால் வௌவால் கேள்வி கட்டாயம் வரும்.

4. மெட்ரிக் கணக்கை நீங்களே விளங்கிக்கொள்ளுங்கள்

கணக்கு இக்கோலஜிஸ்ட்டின் வேலைதான். ஆனாலும் இது விளங்காவிட்டால் எந்த வீட்டை எங்கே நகர்த்தினால் எவ்வளவு மிச்சம் என்பது உங்களுக்குத் தெரியாமலே போகும். அடிப்படை எளிது. பரப்பை ஹெக்டேயரில் எடுத்து வாழிடத் தரத்தால் பெருக்கி, நிலையாலும் பெருக்க வேண்டும். தரம்: மிகக் குறைவு 0, குறைவு 2, நடுத்தரம் 4, உயர்வு 6, மிக உயர்வு 8. நிலை: மோசம் 1, நடுத்தரம் 2, நல்லது 3. உள்ளூர்த் திட்டத்தில் முக்கியமாகக் குறிக்கப்பட்ட இடமென்றால் இன்னும் கொஞ்சம் கூடும், எங்களுக்கு அது இல்லை.

எங்கள் காணியின் கணக்கு:

தொடாத புல் 0.18 ஹெக்டேயர் × 4 × 2 = 1.44
சுரண்டிய புல் 0.10 × 4 × 3 = 1.20
பிரம்பிள் பற்றை 0.06 × 4 × 1 = 0.24
நடுத்தர அளவு மரம் இரண்டு = 0.26
கொட்டிலும் கொங்கிரீட்டும் 0.08 = 0

மொத்தம் 3.14 யூனிட். பத்து வீதம் கூட்டினால் 3.45 காட்ட வேண்டும். டிகர் வராமல் இருந்திருந்தால் 2.74-தான், காட்ட வேண்டியது 3.01. ஒரு ஞாயிற்றுக்கிழமை வேலைக்கு 0.44 யூனிட் கூடுதலாகப் போனது.

மரத்துக்கு நெஞ்சு உயரத்தில் தண்டின் விட்டத்தை அளப்பார்கள். 30 சென்டிமீட்டர் வரை சிறியது, அதற்கு மேல் 60 வரை நடுத்தரம், 90 வரை பெரியது. பெரிய மரம் ஒன்றை வெட்டிவிட்டுக் கன்று ஒன்றை நட்டுச் சரிக்கட்ட முடியாது. கன்று சிறிய மரமாகத்தான் எண்ணப்படும், பெரியதன் மதிப்பில் ஒன்பதில் ஒரு பங்குதான் வரும். ஆகவே வீட்டை இரண்டு மீட்டர் நகர்த்தி மரத்தைக் காப்பாற்ற முடிந்தால் நகர்த்துங்கள்.

இதில் மூன்று தனிக் கணக்குகள் இருக்கின்றன: நிலப்பரப்பு, வேலி, நீரோடை. ஒன்றில் மிஞ்சியதை மற்றதில் போட முடியாது. வேலி என்றால் பலகை வேலி கிடையாது, நம் ஊர்க் கிளுவை வேலி போன்ற உயிர்வேலி. எங்கள் வீதியோரம் 60 மீட்டர் ஹோதோர்ன் வேலி இருந்தது. வாகனப் பாதைக்கு 6 மீட்டர் மட்டும் வெட்டினோம். அந்த 6 மீட்டருக்கு மட்டும்தான் பதில் சொல்ல வேண்டும் என்று நினைத்தோம். அப்படி இல்லை. இருந்த முழு வேலியின் மதிப்புக்கும் மேல் 10 வீதம் காட்ட வேண்டும். ஒரு அடி வெட்டாவிட்டாலும் அந்த 10 வீதம் கேட்பார்கள். புதிய வேலி வளர எடுக்கும் காலத்துக்காக அதன் மதிப்பையும் குறைத்தே போடுவார்கள். கடைசியில் பின்பக்கமாக 25 மீட்டர் நட்டோம்.

பக்கத்துக் காணியின் கானையும் பாருங்கள். உங்கள் எல்லையில் இருந்து 5 மீட்டருக்குள் கானோ, 10 மீட்டருக்குள் ஆறோ இருந்தால் நீரோடைக் கணக்கும் திறந்துவிடும்.

5. வரைபடம் கீறும்போது

விண்ணப்பத்தில் காணியின் எல்லையைக் காட்டும் சிவப்புக் கோட்டுக்குள் வரும் அத்தனையும் கணக்கில் வரும், நீங்கள் தொடாத மூலையும்கூட. அதே வேளை கோட்டுக்கு வெளியே உங்களுக்கே சொந்தமான மிச்சக் காணி 'வெளிக் காணி' ஆகிவிடும். அதில் மரம் நட்டு ஈடு காட்டுவதானால் அதைத் தனியாகப் பதிவுசெய்ய வேண்டும். கோட்டை எங்கே போடுவது என்று இக்கோலஜிஸ்ட்டையும் ஆர்க்கிடெக்ட்டையும் ஒரே மேசையில் இருத்திப் பேசுங்கள்.

வாங்குகிறவர்களின் பின்வளவில் நடும் பழமரமும் பூஞ்செடியும் கணக்கில் சேராது. தனியார் தோட்டத்தை 30 வருடம் யாரும் கட்டுப்படுத்த முடியாது என்பதால், முழுவதையும் 'தோட்டம்' என்ற குறைந்த தரத்தில் ஒன்றாகப் போடுவார்கள். எங்கள் ஆர்க்கிடெக்ட் ஒவ்வொரு வளவிலும் ஆப்பிள் மரம் இரண்டு கீறி வைத்திருந்தார். அத்தனையும் பூச்சியம்.

ஆறு வீட்டுத் திட்டத்தில் எங்கள் காணிக்குள் காட்ட முடிந்தது 0.9 யூனிட். ஐந்து வீடாகக் குறைத்து, பின்பக்கம் 0.12 ஹெக்டேயர் புல்லைப் பொதுத் துண்டாக விட்டபோது அது 1.42 ஆனது. ஒரு வீட்டை விடுவது எளிதான முடிவாக இருக்கவில்லை, இரண்டு கிழமை வீட்டில் இதே பேச்சுத்தான். ஆனால் அடுத்த படியின் விலையைப் பாருங்கள்.

6. குறைகிற யூனிட்டை வாங்குவது

ஒழுங்கு இதுதான்: முதலில் சொந்தக் காணி, பிறகு வெளிச் சந்தை, கடைசியாக அரச கிரெடிட். கிரெடிட் விலையை வேண்டுமென்றே உயரத்தில் வைத்திருக்கிறார்கள், யாரும் முதலில் அங்கே போகக்கூடாது என்பதற்காக. அறிவித்த பட்டியலின் மிகக் கீழ்ப் படியில் ஒரு கிரெடிட் 42,000 பவுண். சில ஏரி வகைகளுக்கு 650,000. அதோடு ஒரு யூனிட் குறைவுக்கு இரண்டு கிரெடிட் வாங்க வேண்டும். எங்கள் ஆறு வீட்டுத் திட்டத்தில் பற்றாக்குறை 2.55 யூனிட். கீழ்ப் படியிலேயே 214,200 பவுண் வந்திருக்கும்.

வெளிச் சந்தையில் விலை நிலையானது கிடையாது. நாங்கள் நான்கு இடத்தில் கேட்டோம், கூடியதும் குறைந்ததும் ஏறக்குறைய இரண்டு மடங்கு வித்தியாசம். விலைக்கு முன் கேட்க வேண்டியவை இருக்கின்றன.

பதிவு இலக்கம் கேளுங்கள். நச்சுரல் இங்கிலாந்து என்ற அரச இயற்கைப் பாதுகாப்பு அமைப்பு நடத்தும் பொதுப் பதிவேட்டில் அந்த நிலம் இருக்க வேண்டும். யாரும் இணையத்தில் பார்க்கலாம். "பதிவு நடந்துகொண்டிருக்கிறது" என்றால் முற்பணம் கொடுக்காதீர்கள். நில உரிமையாளர் 30 வருடம் பராமரிப்பதாகக் கவுன்சிலோடு செக்ஷன் 106 என்ற பிளானிங் ஒப்பந்தமோ, அங்கீகரிக்கப்பட்ட அமைப்போடு கொன்சர்வேஷன் கவனன்ட் என்ற நிலப் பாதுகாப்பு உடன்படிக்கையோ எழுதி, 639 பவுண் கட்டிப் பதிவுசெய்ய வேண்டும். அந்த ஒப்பந்தம் எழுதி முடிய மாதக்கணக்காகும்.

எந்த வட்டாரம் என்று பாருங்கள். உங்கள் கவுன்சில் எல்லைக்குள், அல்லது உங்கள் நேஷனல் கேரக்டர் ஏரியாவுக்குள் (நில அமைப்பை வைத்துப் பிரித்த வட்டாரம்) இருந்தால் முழு மதிப்பு. பக்கத்து வட்டாரம் என்றால் 0.75 மடங்கு, அதற்கும் அப்பால் பாதி. வீதித் தூரம் இதில் பொருட்டே இல்லை. எங்கள் காணி லோ வீல்ட் வட்டாரத்தில் இருக்கிறது. அது கென்டில் இருந்து சசெக்ஸ், சரே வரை நீள்கிறது. ஆகவே ஒரு மணித்தியால ஓட்டத்தில் இருந்த சசெக்ஸ் வயலின் யூனிட் எங்களுக்கு முழுதாக எண்ணப்பட்டது. இருபது நிமிடத்தில் இருந்த, மலிவான இன்னொன்று வேறு வட்டாரம், 0.75-தான் கிடைத்தது. பெருக்கிப் பார்த்தபோது மலிவு மறைந்துவிட்டது.

எந்த வகை என்று பாருங்கள். யூனிட் எண்ணிக்கை சரியாக இருந்தால் போதாது. நடுத்தரத் தரத்தில் இழந்ததற்கு அதே பெருவகையையோ அதைவிட உயர்ந்த தரத்தையோ கொடுக்க வேண்டும். உயர்ந்த தரத்தில் இழந்தால் அதே வாழிடம்தான். புல்லுக்குப் புல், பற்றைக்குப் பற்றை. எங்களுக்கு விற்க வந்தவர், ஐந்து வீட்டுத் திட்டத்தில் பற்றாக்குறையாக நின்ற 2.03 யூனிட்டையும் புல்லாகவே எழுதியிருந்தார். கையெழுத்துக்கு முதல் நாள் இக்கோலஜிஸ்ட் மெட்ரிக்கில் போட்டுப் பார்த்தார், சிவப்பு எச்சரிக்கை வந்தது. அதில் 0.24 பற்றையாக இருக்க வேண்டும். மாற்றி எழுதினோம். ஆகவே விற்பவரின் பட்டியலை உங்கள் மெட்ரிக் கோப்பில் போட்டுப் பாராமல் ஒப்பமிடாதீர்கள்.

விலையில் வாட் சேர்ந்ததா, ஆகக் குறைந்த கொள்வனவு அளவு உண்டா, சட்டத்தரணிச் செலவு யாருடையது என்பதையும் எழுத்தில் வாங்குங்கள். அனுமதி கிடைக்கும் முன் முழுக் காசைக் கட்டத் தேவையில்லை. முற்பதிவு ஒப்பந்தம் எழுதி, பிளானிங் அனுமதி கிடைத்தால் வாங்குவோம், கிடைக்காவிட்டால் முற்பணத்தில் இவ்வளவு திரும்பும் என்று போடுங்கள்.

7. விண்ணப்பத்தோடு போக வேண்டியவை

நிபந்தனை உங்களுக்குப் பொருந்துமா என்ற கூற்று. காணியின் தற்போதைய மதிப்பும் அதைக் கணித்த திகதியும். நிரப்பிய மெட்ரிக் கோப்பு. வடக்குத் திசை காட்டி, அளவுத்திட்டத்தோடு வாழிடங்களைக் குறித்த வரைபடம். காணியின் தரம் முன்பு குறைக்கப்பட்டதா என்ற கூற்று. பழங்காடு, முதுமரம் போன்ற ஈடுசெய்ய முடியாத வாழிடம் இருந்தால் அதன் விவரம். இதில் ஒன்று குறைந்தாலும் விண்ணப்பத்தை ஏற்காமல் வைத்துவிடுவார்கள், எட்டுக் கிழமைக் கடிகாரம் ஓடத் தொடங்காது. எங்களுடையது வரைபடத்தில் வடக்கு அம்புக்குறி இல்லை என்று திரும்பி வந்தது. மெட்ரிக்கை எக்செல் கோப்பாகவே அனுப்புங்கள், பி.டி.எஃப்பாக மாற்ற வேண்டாம்.

தரம் குறைக்கப்பட்டதா என்ற கேள்விக்கு உண்மையை எழுதுங்கள். வான்படம் எல்லோரிடமும் இருக்கிறது.

8. அனுமதி வந்த பிறகும் மண்ணைத் தொடாதீர்கள்

அனுமதிக் கடிதம் கண்டவுடன் மச்சான் கொட்டிலை இடிக்க ஆள் பேசிவிட்டார். நல்லவேளையாகச் சட்டத்தரணி தடுத்தார். பயோடைவர்சிட்டி கெய்ன் பிளான் கொடுத்து, அது ஏற்கப்படும் வரை வேலை தொடங்கக் கூடாது. கட்டிடம் இடிப்பதும் அத்திவாரக் கான் வெட்டுவதும் 'தொடக்கம்' என்றே எண்ணப்படும். மீறினால் அனுமதியே கேள்விக்குள்ளாகும்.

பிளானை அனுமதி கிடைத்த மறுநாளில் இருந்து கொடுக்கலாம், முன்னதாகக் கொடுக்க முடியாது. முடிவுசொல்லக் கவுன்சிலுக்கு எட்டுக் கிழமை உண்டு. வாங்கிய யூனிட் உங்கள் அனுமதி இலக்கத்தின் பேரில் பதிவேட்டில் ஒதுக்கப்பட்டிருக்க வேண்டும், அதற்கும் ஒரு சிறு கட்டணம் உண்டு. இந்த இடைவெளியை வங்கிக் கடனின் வட்டிக் கணக்கில் முன்கூட்டியே சேருங்கள். எங்களுக்கு அனுமதியில் இருந்து முதல் மண்வெட்டு வரை பதின்மூன்று கிழமை போனது. அத்தனை கிழமையும் வட்டி ஓடியது.

9. முப்பது வருடப் பொறுப்பு யாருக்கு?

வெளியில் வாங்கிய யூனிட்டைப் பராமரிக்கும் பொறுப்பு அந்த நில உரிமையாளருடையது. உங்கள் காணிக்குள் காட்டிய குறிப்பிடத்தக்க ஆதாயம் உங்களுடையது. எங்களுக்குப் பின்பக்கப் புல்லும் புதிய வேலியும் அப்படி வந்தன. அதற்கு முகாமைத்துவ, கண்காணிப்புத் திட்டம் ஒன்று எழுதி, குறிப்பிட்ட வருடங்களில் அறிக்கை கொடுக்க வேண்டும். கவுன்சில் கண்காணிப்புக் கட்டணமும் கேட்கலாம். அதை அனுமதிக்கு முன்பே விசாரியுங்கள்.

வீடுகளை விற்பதற்கு முன் வாங்குகிறவர்களைப் பங்காளிகளாகக் கொண்ட ஒரு பராமரிப்புக் கொம்பனியைப் பதிந்து, அந்தத் துண்டை அதன் பெயருக்கு மாற்றி, வருடக் கட்டணத்தை விற்பனை உறுதியிலேயே எழுதச் செய்யுங்கள். விற்ற பிறகு இதைப் பேசினால் ஒருவரும் ஒப்பமிட மாட்டார். எங்கள் ஐந்து வீட்டிலும் அது உறுதியில் இருக்கிறது. புல்லை எந்த மாதம் வெட்டக்கூடாது என்ற ஒரு பக்கக் குறிப்பையும் திறப்போடு சேர்த்தே கொடுத்தோம்.